சமையலறைக் கேள்வி பதில்: தயிருக்கு வீட்டுப் பாணி

கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய இனிப்புப் பாகு) விலைக்கு எட்டவில்லை. வீட்டுச் சீனியில் தயிருக்குப் பாணி காய்ச்சலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

தாராளமாக. 500 கிராம் சீனி, 300 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு போதும்.

முதலில் 100 கிராம் சீனியை மட்டும் அடிகனத்த சட்டியில், தண்ணீர் விடாமல், இளந்தீயில் உருக்குங்கள். வெறுந்தேத்தண்ணி நிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கறுத்தால் கசக்கும். அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. கொதிநீரை ஓரமாகச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்திருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீனி கட்டிபட்டு, திரும்பக் கரைய நேரமெடுக்கும். மீதிச் சீனியைப் போட்டு முழுதும் கரையும் வரை கிண்டி, புளியும் உப்பும் சேர்த்து, மீண்டும் இளந்தீயில் வையுங்கள். அதன்பின் கரண்டி போடக்கூடாது.

15 நிமிடமளவில் ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் கீறுங்கள். கீறல் மெதுவாக மூடினால் பதம் சரி. வெப்பமானி இருந்தால் 106 பாகை செல்சியஸ். சட்டியில் தண்ணியாகத்தான் தெரியும். அதை நம்பி இன்னும் காய்ச்சினால் ஆறியதும் கரண்டியே இறங்காது.

கித்துளின் புகைவாசம் இதில் வராது. 50 கிராம் கித்துள் கருப்பட்டியைச் சீனியோடு கரைத்து வடித்தால் ஓரளவு கிட்ட வரும். எருமைத் தயிருக்கு அதுவே தாராளம்.

நான் காய்ச்சிய பாணி இரண்டு நாளில் போத்தலடியில் கற்கண்டாகிவிட்டது. ஏன்?
– வாசகர், அக்கரைப்பற்று

தேசிக்காய்ப் புளி விடாமல் காய்ச்சியிருப்பீர்கள். அறைச்சூட்டில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத்தான் கரைத்து வைத்திருக்கும். கெட்டிப் பாணியில் அதைவிடக் கூட இருப்பதால், மிஞ்சியது படிகமாக வெளியேறப் பார்க்கும். சூட்டில் புளி சேரும்போது சீனியின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிரிகிறது. அந்தக் கலவை இலேசில் படிகமாகாது. தேசிக்காய் இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி வினாகிரி.

இன்னொன்று, சட்டி விளிம்பில் ஒட்டிய ஒரு சீனிமணி உள்ளே விழுந்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் இறுகும். ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்துவிடுங்கள். இறுகிய பாணியைக் கொட்ட வேண்டாம். கால் கோப்பை தண்ணீரும் சில துளி புளியும் விட்டு, தெளியும் வரை சூடாக்கிப் பழைய பதத்துக்குக் கொண்டு வரலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகும், வெளியே வையுங்கள்.

சர்பத்துக்குச் செய்த பாணி நுரைத்துப் புளிக்கிறது...
– வாசகி, காத்தான்குடி

சீனியும் தண்ணீரும் சம அளவாகப் போட்டிருப்பீர்கள். தண்ணீர் கூடினால் புளிக்கவைக்கும் மதுவம் (ஈஸ்ட்) பிழைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணிப் பாணிக்குத்தான் குளிர்சாதனப் பெட்டி. வெளியே வைப்பதென்றால் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர், கொதிக்கவைத்து உலர்ந்த போத்தல். நுரைத்ததை ஊற்றிவிடுங்கள்.