மருத்துவம் கிடைக்கவில்லை, மகள் ஜீன் ஆராய்ச்சி என்கிறாள்: அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, பிள்ளைக்கு பிளஸ் டூவில் நல்ல மார்க், நீட்டில் கட் ஆஃப் எட்டவில்லை, இப்போது திடீரென்று ஜீன் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், இது நிஜ ஆசையா, தோற்றதை மறைக்கச் சொல்லும் சாக்கா என்று கேட்டிருந்தீர்கள். அவளிடம் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டேன். சாக்கு இல்லை.

அத்தை மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் பி-டென் என்ற ஜீனில் மாற்றம் என்று ஒரு வரி. "பேச்சு வரலை, தலை பெருசா இருக்குன்னுதான் பையனைக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் எதுக்கு தைராய்டு ஸ்கேனும் எடுக்கச் சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள். பதினேழு வயதில் இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீங்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லுக்குள் 'வளரு, பெருகு' என்று ஒரு சிக்னல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்னடியன் கால்வாயில் ஷட்டரை இறக்கித் தண்ணீரை மட்டுப்படுத்துவது மாதிரி, அந்த சிக்னலை மட்டுப்படுத்துவது பி-டென் உண்டாக்கும் புரதத்தின் வேலை. 1997-ல் இந்த ஜீனைப் பத்தாவது குரோமோசோமில் கண்டுபிடித்தவர்கள், கேன்சர் கட்டிகளில் தொலைந்துபோகும் ஜீன் எது என்று தேடிப் போனவர்கள்தான். மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா, கருப்பை உட்சுவர், புரோஸ்டேட் என்று பல கேன்சர்களில் இது கெட்டுப்போயிருக்கும். அப்பா, அம்மாவிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதானவர்களுக்கு மார்பகம், தைராய்டு ஆகியவற்றில் கேன்சர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஸ்கேன் எடுக்கச் சொன்னது அதனால்தான். மூளை நரம்பு செல்கள் கட்டி மாதிரிப் பெருகுவதில்லை. ஆனால் அடக்க ஆள் இல்லாததால் செல் பருத்து, கிளைகளைக் கண்டபடி விடுகிறது. தலை பெரிதாவது, சிலருக்கு ஆட்டிசம், சிலருக்கு வலிப்பு, எல்லாம் அங்கிருந்து வருபவை. ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் இந்த ஜீன் காரணம்.

இது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. இதே சிக்னல் பாதையில் டி.எஸ்.சி. என்று இன்னொரு ஜோடி ஜீன்கள் உண்டு. அவை கெட்டால் வரும் நோயில் மூளையில் உண்டாகும் ஒருவகைக் கட்டிக்கு, இந்த சிக்னலை அடக்கும் எவரோலிமஸ் என்ற மருந்தை அமெரிக்காவில் 2010-ல் அனுமதித்தார்கள். 2018-ல் அதே மருந்தை அந்த நோயின் வலிப்புக்கும் அனுமதித்தார்கள். கேன்சர் ஆட்களும் நரம்பியல் ஆட்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய துறை இது, உங்கள் மகள் அதன் வாசலில்தான் நிற்கிறாள்.

சரி, எங்கே சேர்ப்பது? 'கேன்சர் பயாலஜி', 'ஜீனோமிக்ஸ்' என்று பெயரில் பளபளப்பு காட்டும் பட்டப்படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். இளநிலையில் விலங்கியலோ உயிர்வேதியியலோ போதும். பாளையங்கோட்டையில் தூய சவேரியார், சாராள் தக்கர் போன்ற பழைய கல்லூரிகள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். எந்தக் கல்லூரியானாலும் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். கடைசி வருடப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, நீ உன் கையால் அதை ஓட்டியிருக்கிறாயா என்று கேளுங்கள். கூடவே புள்ளியியலும் கொஞ்சம் கோடிங்கும் அவள் கற்றுக்கொள்ளட்டும். இன்றைக்கு ஜீன் வேலையில் பாதி கம்ப்யூட்டர் முன்னால்தான்.

அப்புறம் எம்.எஸ்சி.க்கு அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், நுழைவுத் தேர்வு எழுதினால் வெளி மாநிலம். பிஎச்.டி.க்கு மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலேயே ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது, கேன்சர், நரம்பியல் இரண்டிலும் ஆய்வு நடக்கிறது. பெங்களூரில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ்.

கசப்பான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று, இரண்டு, அப்புறம் ஐந்து, ஆக பத்து வருடம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 முதல் இந்தத் தொகை. வாங்காவிட்டால் இழுபறிதான். நிரந்தர அரசு வேலை குறைவு, பெரும்பாலும் ஒப்பந்தம். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் மரபணுப் பரிசோதனை லேப்களில் வேலை உண்டு, தொடக்கச் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டைக் குடும்பத்துக்குப் புரியவைக்கும் ஜெனிடிக் கவுன்சிலர் என்ற வேலையும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் அதற்கு ஆள் அபூர்வம், இவளுக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இருபத்து மூன்று வயதில் கல்யாணப் பேச்சை எடுத்துப் படிப்பைப் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் இந்த வழியில் இறக்கவே வேண்டாம்.

இன்னொன்று, இது என் வேலை இல்லை என்றாலும் சொல்கிறேன். அந்த மாற்றம் பையனிடம் புதிதாக வந்ததா, வழிவழியாக வந்ததா என்று உங்கள் தங்கச்சியை மரபியல் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். தங்கச்சி வழியாக வந்தது என்றால் உங்கள் வீட்டுக்கும் சேதி உண்டு. மகள் கூகுளில் தேடிப் பயந்துகொண்டிருப்பதைவிட அது நல்லது.

மதினி இன்னொரு வருடம் நீட்டுக்கு உட்காரச் சொல்கிறார்களாம். உட்காரட்டும், ஆனால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதட்டும். போன வருடம் பிளஸ் டூ முடித்தவர்களும் எழுதலாம், விதுராவில் உள்ள திருவனந்தபுரம் ஐசரும் அதில் வரும். அந்தத் தாளில் நாலில் ஒரு பங்கு கணக்கு. அவள் எடுத்த குரூப்பில் கணக்கு இருந்ததா என்று எழுதுங்கள், கோச்சிங் வேண்டுமா என்று அதற்கப்புறம் பேசலாம்.