வங்கி வரவு செலவுகளைச் செயற்கை நுண்ணறிவே தலைப்புவாரியாகப் பிரிக்கலாமா? வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கீழமாசி வீதி, மளிகை மொத்த வியாபாரம்): ஐயா, எங்கள் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் பதிவுகளுக்கு மேல் விழுகின்றன. அவற்றைக் கணக்குத் தலைப்புகளில் பிரிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாமா?

பதில்: பெரும்பகுதியை விடலாம். உங்கள் பேரேட்டின் தலைப்புப் பட்டியலையும், கணக்குப்பிள்ளை சரிபார்த்து முடித்த பழைய பதிவுகளையும் முதலில் அதற்குக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத தலைப்பை அது தானாக உண்டாக்கக் கூடாது என்றும், ஐயம் வந்தால், எதில் சேர்ப்பது என்று தெளிவாகும் வரை பதிவை வைத்திருக்கும் அனாமத்துக் கணக்கில் நிறுத்திவிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மின்கட்டணம், கடை வாடகை, வங்கிக் கட்டணம் போன்றவை மாதந்தோறும் ஒரே விதமாக வருவதால் அவற்றில் தவறு குறைவு. கூட்டல் கழித்தலை மட்டும் டாலி என்ற கணக்கு மென்பொருளோ எக்செலோ செய்யட்டும்.

கேள்வி (மாட்டுத்தாவணி, பூ வியாபாரம்): ஒரே விவசாயிக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் கொள்முதல் என்றே போட்டுவிடுகிறது. ஏன் ஐயா?

பதில்: அது பார்ப்பது வங்கி அறிக்கையின் ஒரு வரியை மட்டுமே. யு.பி.ஐ. என்ற சொல், 12 இலக்க எண், பெறுபவர் பெயர், அவருடைய வங்கி ஆகியவை அந்த வரியில் இருக்கும். பணம் எதற்காகப் போனது என்பது பெரும்பாலும் இருக்காது. மல்லிகைக்காக 5,000 ரூபாய் அனுப்பிய அதே விவசாயிக்கு, அவர் வீட்டுக் காதணி விழாவுக்கு மொய்யாக இன்னொரு 5,000 ரூபாய் அனுப்பினால், இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். முன்னது கொள்முதல், பின்னது கடைச் செலவில் சேராத சொந்த எடுப்பு, அதாவது முதலாளி தன் சொந்தத் தேவைக்குக் கடையிலிருந்து எடுத்த பணம். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரும் மொய் கடைக் கணக்கில் வந்து விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அத்தனையும் விற்பனையாகப் பதிவாகி, இல்லாத லாபத்தைக் காட்டும். வீட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும்போதே குறிப்பில் ‘பூ’, ‘முன்பணம்’, ‘மொய்’ என்று ஒரு சொல் எழுதும் பழக்கத்தையும் தயவுசெய்து ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருமங்கலம், அரிசி ஆலை): கடன் தவணையை வட்டிச் செலவு என்று போட்டிருக்கிறதே, சரியா?

பதில்: தவறு. 10 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கியிருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 21,247 ரூபாய் வரும். முதல் மாதத்தில் அதில் வட்டி 8,333 ரூபாய்தான். மீதி 12,914 ரூபாய் அசலைக் குறைக்கிறது, அது செலவே அல்ல. வங்கி தரும் தவணை அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு மாதமும் பிரித்து எழுத வேண்டும்.

கேள்வி (சுங்குடிச் சேலை விற்பனை): செயற்கை நுண்ணறிவு பிரித்துக் கொடுத்ததை வைத்து ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் நாங்கள் கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது அம்மா. வங்கி அறிக்கையில் இருக்கும் பதிவு பில் ஆகாது. பில் கையில் இருக்க வேண்டும், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையிலும் அது வந்திருக்க வேண்டும்.

கேள்வி (மேலூர், உரக்கடை): அப்படியானால் எங்கள் கணக்குப்பிள்ளைக்கு இனி என்ன வேலை?

பதில்: அனாமத்தில் நிற்கும் பதிவுகளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் உட்கார்ந்து, “இது யாருக்கு, எதற்கு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் அவருடைய வேலை. அதை வாரம் ஒரு முறை செய்தால் அரை மணி நேரத்தில் முடியும். மார்ச் மாதம் வரை தள்ளிப்போட்டால் முதலாளிக்கே நினைவிருக்காது.