ஒரு தெருவின் கட்டட முகப்புகளையும் அங்கே நடப்பவற்றையும் எப்படி வரைபடமாக்குவது?

கல்லூரி ப்ராஜெக்டுக்காக மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை சொதப்பினேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் முகப்புகளைத் தரம் பிரிப்பார். 100 மீட்டருக்கு 15 முதல் 20 சிறு வாசல்கள் இருந்தால் முதல் தரம். கதவு, ஜன்னல் இல்லாத மொட்டைச் சுவர் கடைசி. அதை நம்பி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து அச்செடுத்த தாளோடு மதியம் 2 மணிக்குப் போய் நின்றேன். கடைக்காரர்கள் சாப்பிடப் போகிற நேரம் என்பது உறைக்கவில்லை. இறங்கியிருந்த ஷட்டரையெல்லாம் மொட்டைச் சுவர் கணக்கில் சேர்த்துச் சாம்பல் நிறம் அடித்தேன். பாதித் தெரு சாம்பல்.

மறுநாள் காலை 7 மணிக்குப் போனால், நான் சாம்பல் அடித்த ஒரு ஷட்டரின் படியில் ஓர் அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டு. என் கையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"கார்ப்பரேஷனா தம்பி? காலி பண்ணச் சொல்வாங்களா?"

"காலேஜும்மா" என்ற பிறகுதான் நார் மறுபடி ஓடியது. "பத்து மணிக்குக் கடை தொறப்பாங்க. அதுவரைக்கும் இது என் எடம்" என்றார்.

ஆக ஒரே படிக்குக் காலையில் ஒரு முகம், பத்து மணிக்கு இன்னொன்று, மதியம் வேறொன்று. கட்டடத்தை மட்டும் பார்த்தால் நம்மூர்த் தெரு பிடிபடாது.

அதனால் நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் முகப்பைக் கோடாகப் போடுங்கள், மூலைக் கட்டடத்துக்கு இரண்டு கோடு. கதவா, ஷட்டரா, சுவரா, உட்காரப் படி உண்டா என்பதெல்லாம் கோட்டின் விவரம். விற்பவர், நிற்பவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், இஸ்திரி வண்டி எல்லாம் தனி அடுக்கில் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கிழமையும் மணியும். காலை 7, 11, மதியம் 2, மாலை 6 என்று நாலு நடை போதும். பிரதோஷத்தன்று ஒரு நடை கூடுதலாகப் போங்கள், கூட்டமே வேறு. ஆட்களை ஃபோட்டோ எடுக்காதீர்கள், எண்ணினால் போதும்.

தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மதியம் 2 மணிக்கு நான் போட்ட அந்தச் சாம்பல் படம் யார் கையிலாவது கிடைத்திருந்தால், நடைபாதை காலி என்றுதான் படித்திருப்பார்கள்.

கடைசிப் படத்தில் அந்தப் படி ஒரு புள்ளி. பெயர் போடவில்லை. 'பூ, காலை 10 வரை' என்று மட்டும் எழுதினேன்.