பச்சைக் கம்பிக்கு என்ன வேலை?

அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே ஏசிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பழைய வீட்டில் புது ஏசி மாட்டுகிறவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன். என் பழைய பல்லவியை இப்போதும் பாடிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு நீங்களே திருப்புளியைத் தூக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். மெயினை இறக்கிவிட்டுத்தான் அவரும் கை வைக்க வேண்டும்.

ஐயா, மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டை வெறுங்காலோடு தொட்டால் சுள்ளென்கிறது. செருப்புப் போட்டால் ஒன்றும் இல்லை. டெஸ்டர் மங்கலாக எரிகிறது. இன்வெர்ட்டர் ஏசி, வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. மெஷின் பழுதா?
– செல்லூர் வாசகர்

மெஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கசிவை மண்ணுக்குள் இறக்குகிற பச்சைக் கம்பி, அதாவது எர்த்தான் அதற்குப் போய்ச் சேரவில்லை. இன்வெர்ட்டர் ஏசியின் போர்டில் ஃபில்டர் ஒன்று உண்டு. அதிலுள்ள சின்னக் கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்து (கரண்ட் வருகிற கம்பி) ஒன்றும் நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்புகிற கம்பி) ஒன்றுமாகப் பாடியோடு சேர்ந்திருக்கும். பச்சைக் கம்பி ஒழுங்காக மண்ணுக்குப் போனால் அந்தக் கசிவும் அதோடு போய்விடும். போகாவிட்டால் பாடி 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் தொங்கும். கசிகிற கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. நாளைக்குக் கம்ப்ரஸர் வைண்டிங் பாடியில் பட்டால் அதே தகரத்தில் முழு 230 வந்து நிற்கும். இது அந்தச் சுள்ளா, இந்தச் சுள்ளா என்று கையால் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது இன்டோரிலிருந்து அவுட்டோருக்குப் போகும் கேபிள். அவுட்டோரின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் மற்றக் கம்பிகள் ஸ்க்ரூவில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், பச்சை மட்டும் சுருட்டி ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். நான் எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! “அது இல்லாமலே ஓடும் சார்” என்பார்கள். ஓடும், யார் இல்லை என்றது? எர்த் சரியாகும்வரை ஏசியின் எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) இறக்கியே வையுங்கள். செருப்பை நம்பாதீர்கள். துணி காயப்போட மாடிக்கு ஓடுகிற பிள்ளை செருப்புப் போட்டா ஓடும்?

ஒன்றரை டன் ஏசிக்கு எத்தனை ஸ்கொயர் வயர் போட வேண்டும்?
– திருநகர் வாசகர்

4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர். டிபி பாக்ஸிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனி லைன், 20 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பதைத் தாங்கும் வகை). பச்சைக் கம்பியும் அதே பைப்பில் கூடவே வர வேண்டும். 2.5 ஸ்கொயர் போதும் என்று கடைக்காரர் சொல்வார். பக்கத்திலேயே டிபி இருந்தால் போதும்தான், ஆனாலும் நான் போட மாட்டேன்.

எங்கள் ஏசி ஷாக் அடிக்கிறது. என்ன செய்வது?
– ஊர் எழுதவில்லை

எந்த ஏசி, எத்தனை வருஷமாகிறது, எங்கே தொட்டால் அடிக்கிறது, வீட்டில் எர்த் உண்டா, மற்ற சாமான்கள் அடிக்கின்றனவா? ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடம் போய் “வலிக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்களா? எம்சிபியை இறக்குங்கள். அப்புறம் விவரமாக எழுதுங்கள்.

எங்களுடையது பழைய வீடு, சுவிட்ச் போர்டில் எர்த் கம்பியே கிடையாது. ஏசி மாட்ட வந்த தம்பி நியூட்ரலிலிருந்தே எர்த் ஓட்டைக்கு ஒரு லூப் கொடுத்துவிட்டார். “ரெண்டும் ஒண்ணுதான்க்கா, டிரான்ஸ்பார்மர்ல சேர்ந்துதான் இருக்கு” என்கிறார். ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விடலாமா?
– பழங்காநத்தம் வாசகி

விடக்கூடாதும்மா. இன்றைக்கே அந்த லூப்பை எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் நீட்டி எழுதுவேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷமாக என் வயிற்றெரிச்சல் இது.

அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை. டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் நியூட்ரலை மண்ணோடு சேர்த்திருப்பார்கள். ஆனால் அங்கிருந்து உங்கள் சாக்கெட் வரைக்கும் அந்த நியூட்ரல் எத்தனை ஜாயிண்ட்டைத் தாண்டி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கம்பம், சர்வீஸ் வயர், மீட்டர், மெயின் சுவிட்ச், டிபி, போர்டு. இதில் ஒரு ஜாயிண்ட் கழன்றால் போதும். வீட்டில் ஏதாவது ஒரு பல்பு சுவிட்ச் போட்டபடி இருந்தால், ஃபேஸ் அந்தப் பல்பைத் தாண்டி நியூட்ரலுக்கு வரும். வெளியே போக வழி இல்லாததால் அந்த லூப் வழியாக ஏசியின் பாடியில் வந்து நிற்கும். ஏசியில் ஒரு கோளாறும் இருக்கத் தேவையில்லை. அதன் சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை, சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். ஃபியூஸ் போகாது, எம்சிபி விழாது. யாராவது தொடுகிறவரை அப்படியே இருக்கும். கம்பத்தில் வேலை நடக்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போனால் இன்னும் மோசம்: பல்பு எதுவும் எரிய வேண்டாம், பாடி நேரடியாகவே 230.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீடு, பல வருஷத்துக்கு முன்பு. ராத்திரி லைட் எல்லாம் அணைந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்த அந்த வீட்டு அம்மா, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறக்கப் போயிருக்கிறார். தூக்கி எறிந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார், தோள்பட்டைதான் ஒரு மாதம் தூக்க முடியாமல் கிடந்தது. மறுநாள் நான் போய்ப் பார்த்தால், மீட்டருக்கு மேலே நியூட்ரல் ஜாயிண்ட் பச்சை பூத்து ஒடிந்து தொங்குகிறது. ஃபிரிட்ஜ் சாக்கெட்டைக் கழற்றினேன். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு அரை விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டு. அதை இன்றும் என் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். வேலை கற்க வருகிற பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஃபேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று பார்த்து, இல்லையென்றால் லைனை வெட்டுவதுதான் அதன் வேலை. லூப் போட்ட இடத்தில் பாடிக்கு வந்த கசிவும் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுகிறது. கணக்கு சரியாக இருப்பதால் அது பேசாமல் இருக்கும். பணம் கொடுத்து வாங்கிய காவல்காரனின் கண்ணைக் கட்டிவிடுகிற வேலை இது.

ஆகவே அம்மா, லூப்பைப் பிடுங்குங்கள். எர்த் குழியிலிருந்து டிபிக்கும், டிபியிலிருந்து ஏசி பாயிண்ட்டுக்கும் பச்சைக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். பைப்பில் இடம் இல்லையென்றால் சுவர்மேல் கேசிங் போட்டு இழுக்கலாம். அழகு கெட்டால் கெடட்டும். அதுவரை ஏசி ஓட வேண்டாம்.

100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தோம், பளிச்சென்று எரிகிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– சோழவந்தான் வாசகர்

எர்த் என்று ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளலாம். 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் இருந்தால்கூடப் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், பளிச்சென்றுதான் எரியும். ஆனால் அந்த 50 ஓமில் ஏசி பாடி ஷார்ட் ஆனால் ஓடுவது நாலரை ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எர்த் மெக்கர் (எர்த்தின் தடையை அளக்கும் மீட்டர்) வைத்து அளந்து, ஓம் எத்தனை என்று தாளில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: பல்பு வைத்தும் ஆர்சிசிபி விழவில்லையா? அப்படியென்றால் ஆர்சிசிபியே இல்லை, அல்லது வேலை செய்யவில்லை, அல்லது உங்கள் எர்த் ஓட்டையிலும் மேலே சொன்ன நியூட்ரல் லூப் இருக்கிறது. அதை ஏன் எழுதவில்லை? அப்புறம், லைவ் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தச் சோதனையை வீட்டில் செய்ய உங்களுக்கு யார் சொன்னது?

மழை பெய்தால் ஏசி போட்டவுடன் ஆர்சிசிபி விழுகிறது. சர்வீஸ் ஆள் “அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்” என்கிறார்.
– அண்ணா நகர் வாசகர், அடுக்குமாடி

புகை வந்தால் மணி அடிக்கிறது என்பதற்காக மணியைக் கழற்றுகிற யோசனை. மழையில் விழுகிறது என்றால் தண்ணீர் எங்கோ இறங்குகிறது. அவுட்டோரின் டெர்மினல், வெளிச்சுவரில் டேப் சுற்றிய ஜாயிண்ட், இவைதான் முதல் சந்தேகம். டெர்மினலில் பல்லி செத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். போர்டு இணைப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரை இன்சுலேஷன் மெக்கர் (கசிவைக் காட்டும் மீட்டர்) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளை மாற்றினாலும் பரவாயில்லை, ஆர்சிசிபியைக் கழற்றாதீர்கள்.

எங்களுடையது கரிசல் மண். கோடையில் எர்த் குழியைச் சுற்றி நிலம் வெடிக்கிறது. தண்ணீர் ஊற்றினால் போதுமா?
– திருமங்கலம் வாசகர்

ஈரம் இருக்கும்வரை கரிசல் மாதிரி எர்த்துக்கு நல்ல மண் கிடையாது. காய்ந்தால் அதுவே குழியிலுள்ள எர்த் பைப்பை விட்டு விலகி நிற்கும். வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றுங்கள், சித்திரை வைகாசியில் இன்னும் அடிக்கடி. உப்பைக் கொட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அரித்துவிடும். புதிதாகப் போடுவதென்றால் பைப்பைச் சுற்றி பென்டோனைட் களிமண் நிரப்பச் சொல்லுங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குழி அருமையாக 5 ஓம் காட்டினாலும் ஷார்ட் ஆனால் ஓடுவது 46 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி சட்டென்று விழ 100 முதல் 200 வரை வேண்டும். இல்லாவிட்டால் சூடேறித்தான் விழும், அதற்கு அரை நிமிஷம்கூட ஆகலாம். அந்த அரை நிமிஷத்தில் பாடியில் கை இருந்தால்? அதனால்தான் எல்லாக் கடிதத்திலும் ஆர்சிசிபி, ஆர்சிசிபி என்று கத்துகிறேன்.

மாசி வீதியை ஒட்டிய சந்தில் வீடு. சுவரோடு சுவர், ஒரு சாண் மண் கிடையாது. எர்த் குழிக்கு எங்கே போவேன்?
– மதுரை வாசகர்

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி என்பதுதான் முறை. உங்கள் சந்தில் முறை பார்த்தால் பக்கத்து வீட்டு அடுப்படிக்குத்தான் போக வேண்டும். முற்றமோ பின்கட்டோ இருந்தால் ஒரு அடிச் சதுரத் தரையை உடைத்து, எட்டடி எர்த் ராடை இறக்கலாம். பூமிக்குள் போகும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கே என்று முதலில் விசாரியுங்கள். ஓம் கொஞ்சம் கூடத்தான் வரும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டால் எர்த் 100 ஓம் இருந்தால்கூட அது விழும். நூறு போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், குறைக்க முடிந்தவரை குறையுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

போர்வெல் கேசிங் பைப்பில் எர்த் கொடுக்கலாமா? எங்கள் இடம் முழுக்கப் பாறை.
– மேலூர் வாசகர்

கூடாது. உங்கள் கேசிங் பிவிசியா இரும்பா என்றுகூட எழுதவில்லை. பிவிசி என்றால் அது வெறும் பிளாஸ்டிக். இரும்பு என்றால் ஏசியில் வருகிற கோளாறு குளிக்கிற தண்ணீர் வரைக்கும் வரும். பாறையில் ஒரு எர்த் ராடு போதாது. இரண்டு மூன்று ராடுகளை, ராடு நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விட்டு இறக்கி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஆர்சிசிபி இல்லாமல் உங்கள் ஊரில் ஏசியே மாட்டாதீர்கள்.

எர்த் நன்றாக இருந்தால் இடியிலிருந்து ஏசி தப்புமா?
– அலங்காநல்லூர் வாசகர்

எர்த் மட்டும் போதாது. சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று பாயும் வோல்ட்டேஜை மண்ணுக்குத் திருப்பிவிடுவது) தனியாக வேண்டும். இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுவது அதைவிட மலிவு.

ஸ்டெபிலைசர் பிளக்கில் பெரிய முள் சாக்கெட்டில் நுழையவில்லை. ஒடித்துவிட்டோம். இப்போது சரியாக நுழைகிறது.
– வில்லாபுரம் வாசகர்

கேள்வியே கேட்கவில்லை, சாதனையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரிய முள்தான் எர்த். அது நுழையவில்லை என்றால் பிளக்கும் சாக்கெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். பிளக்கையும் மாற்றுங்கள், சாக்கெட்டையும் மாற்றுங்கள், அதற்குப் பின்னால் வருகிற வயர் என்ன கனம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒடித்த முள்ளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் எனக்கு அனுப்புங்கள், டூல் பாக்ஸில் இடம் இருக்கிறது.