டென்ஸ் மெசின் ஒரு ஓரத்தில் மட்டும் குத்தினால்

டென்ஸ் என்பது தோலில் ஜெல் ஒட்டுகளை ஒட்டி, மெல்லிய கரண்ட் விட்டு நோவை அமத்தும் மெசின். முழங்கால் தேய்வுக்கு அம்மாவுக்கு அதைப் போடுகிறீர்கள்; மெசினைக் குறை சொல்ல முதல் அம்மாவின் முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒட்டு ஒட்டின இடத்தில் ஒரு ஓரம் மட்டும் சுள்ளென்று குத்துகிறது, மற்றப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை என்கிறீர்கள், கூடவே இரவில் எண்ணெய் பூசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். எண்ணெய்ப் பசை உள்ள தோலில் ஒட்டு முழுதாகப் பிடிக்காது, பிடித்த சின்ன இடத்தாலேயே கரண்ட் முழுவதும் போகும். கிளிநொச்சிப் புழுதி ஒட்டின் ஜெல்லில் படிந்தாலும் இதே கதிதான்.

கால் நன்றாகக் காய்ந்த பிறகு, மெசின் நிறுத்தியிருக்கும்போதே முழங்கால் சில்லுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டாக ஒட்டி, மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். 80–100 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு இத்தனை துடிப்பு) விறுவிறுப்பு தெரிந்தால் போதும், தசை துடிக்கத் தேவையில்லை. அப்பவும் குத்தினால் ஜெல் காய்ந்துவிட்டது, புது ஒட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்று, இது தேய்வை மாற்றாது. நோவைக் கொஞ்ச நேரம் அமத்தும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி முழங்கால் தேய்வுக்கு டென்ஸ் வேண்டாம் என்றே சொல்கிறது. கதிரையில் இருந்துகொண்டு காலை நீட்டி மடக்கும் தொடைப் பயிற்சிதான் என் கணக்கில் பெரிசு, அதை விடவேண்டாம்.

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் மெசினைத் தொடவே வேண்டாம். சீனி வருத்தத்தால் கால் விறைப்பு இருந்தாலோ, எங்கள் பக்கம் பலருக்கும் உள்ளதுபோல் காலுக்குள் ஷெல் துண்டு கிடந்தாலோ, பிசியோவிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி போடுங்கள்.