கியர் இறுகிவிட்டதா? முதலில் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: போன வருடம் ஒருவரிடம் பழைய மெசி பேர்குசன் 135 உழவு மெசின் வாங்கினேன். போன கிழமை உழுதுகொண்டு நிற்கும்போது கியர் மாற்றப் பார்த்தேன், பெரிய லிவர் அசையவே இல்லை. கிளச்சை எவ்வளவு அழுத்தினாலும் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், மெசினை நடுவால் பிரித்து கியர் பொக்ஸை இறக்க வேண்டும், பற்சில்லுகள் எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். கேட்கிற காசு, மெசின் வாங்கிய விலையில் கால்வாசி. பெரும்போகத்துக்கு முன் உழுது முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? விற்றவரிடம் நட்டஈடு கேட்க முடியுமா?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: அவசரப்பட்டு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மெசினைப் பிரிப்பது கடைசி வேலை. அதற்கு முன் லிவர் நிற்கிற மேல்மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமலே "முழுதாக இறக்க வேண்டும்" என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். இந்த மாடலில் லிவர் இறுகுவதற்கு அடிக்கடி கிடைக்கிற காரணம் பற்சில்லு அல்ல, லிவரின் அடிமுனைதான்.

மூடிக்குக் கீழே நீளமான கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கவையைப் பிடித்திருக்கும், கவை பற்சில்லைத் தள்ளும். கம்பிகளின் மேல் வெட்டுகள் உண்டு. லிவரின் அடிமுனை ஒரு நேரத்தில் ஒரு வெட்டுக்குள்தான் இறங்க வேண்டும். பல வருடம் உழுத மெசினில் அந்த முனை தேய்ந்து ஒல்லியாகிவிடும், வெட்டும் அகன்றுவிடும். அப்போது ஒரு கியரை முழுதாக எடுக்க முன்பே முனை நழுவிப் பக்கத்து வெட்டுக்குள் போய், இரண்டாவது கியரையும் போட்டுவிடும். இரண்டு கியர் ஒன்றாக விழுந்தால் உள்ளே எல்லாம் பூட்டு. கிளச்சை மிதித்தாலும் வராது.

உங்களுக்கு நடந்தது இதுதானா என்று வயலிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்துங்கள். சின்ன லிவரை, அதாவது ஹை, லோ மாற்றுகிற லிவரை, நியூட்ரலில் வையுங்கள். இப்போது தள்ளினால் மெசின் உருளும், ஏனென்றால் அந்தப் பகுதி பெரிய கியருக்குப் பின்னால்தான் இருக்கிறது. மெசினைக் கரைக்கு இழுத்து வரவும் இதுதான் வழி. மேட்டான இடமாக இருந்தால் சில்லுக்குக் கல் வைக்காமல் நியூட்ரலுக்குப் போகாதீர்கள்.

கரையில் சமதரையில் நிறுத்தி, சின்ன லிவரை லோவில் போட்டு, ஒருவர் கிளச்சை முழுதாக மிதித்துக்கொள்ள, மற்றவர்கள் தள்ளிப் பாருங்கள். பின்சில்லுகள் கொஞ்சமும் நகரவில்லையென்றால் இரண்டு கியர் விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உருண்டால் ஒரு கியர்தான் விழுந்திருக்கிறது. அப்போது லிவர் மூடிக்குள் திரும்புகிற குமிழ், கம்பி, அல்லது கம்பியைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங்கும் குண்டும் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. எஞ்சின் நிற்கும்போது கியர் நன்றாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரவென்று அடித்தால் அது கிளச் பிரச்சினை. மழைகாலம் முழுக்க கொட்டிலில் நின்ற மெசினில் கிளச் தட்டு துருவோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கியர் பொக்ஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

சரி, மூடியைக் கழற்றுவோம். முதலில் பட்டரியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். அப்புறம் மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கிற சேற்றையும் மணலையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு சுத்தமாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. மூடியைத் தூக்கும்போது விழுகிற மணல் நேராக ஒயிலுக்குள் போகும். 135 இல் கியருக்கும் பின்னால் டிஃபரன்ஷலுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான், மொத்தம் சுமார் 30 லீற்றர். ஒரு பிடி மணல் ஹைட்ரோலிக் பம்பையும் தின்றுவிடும். மூடியோடு வயர் ஏதும் வந்தால் கழற்றி அடையாளம் வையுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் காந்தத்தால் எடுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மூடி வந்ததும் மேலிருந்து பாருங்கள். எல்லாம் நியூட்ரலில் இருந்தால் கம்பிகளின் வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கோட்டை விட்டு விலகி நிற்பதுதான் குற்றவாளி. பெரிய திருப்புளியை வெட்டில் வைத்து, அதை மெல்லத் தள்ளி நேராக்குங்கள். வர மறுத்தால் இன்னொருவர் கிளச்சை மிதித்துக்கொண்டு மெசினை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அலவாங்கு போட்டு நெம்பாதீர்கள், லிவர் தலையில் சுத்தியலும் அடிக்காதீர்கள். கவை வளைந்தால் அப்போதுதான் உண்மையிலேயே பொக்ஸ் இறங்க வேண்டிவரும்.

இப்போது லிவரின் அடிமுனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய முனை ஒரு பக்கம் தட்டையாகி, கத்தி விளிம்புபோல் மின்னிக்கொண்டிருந்தால் உங்கள் கால்வாசி விலைக்கான காரணம் அதுதான். வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் வெட்டின் அளவுக்கு எடுக்கலாம். நல்ல கையில் செய்தால் பல போகம் ஓடும். புதிய லிவர் கிடைத்து விலையும் சரியாக இருந்தால் நான் புதியதையே எடுப்பேன், ஏனென்றால் வெல்டிங்கில் அளவு பிசகினால் மறுபடியும் இதே கதைதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். லிவரின் அடியில் இருக்கிற ரப்பர் கிழிந்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே போவது அதன் வழியாகத்தான். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, முழுதாக வடித்துவிட வேண்டும்.

மூடியைத் திரும்பப் போடும்போது இரண்டு லிவர்களின் முனையும் அவற்றுக்குரிய வெட்டுக்குள் இறங்கியதா என்று கையால் உணர்ந்து பாருங்கள். எஞ்சின் நிற்கும்போதே ஒவ்வொரு கியரையும் போட்டு எடுத்துப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஸ்டார்ட் செய்யலாம்.

மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கவும் இடமுண்டு. இறுகுவதற்கு முன் உள்ளே 'டமார்' என்று சத்தம் கேட்டதா? வடித்த ஒயிலில் உலோகத் துண்டுகள் வருகின்றனவா? வெட்டுகள் நேராக நின்றும் கியர் நகர மறுக்கிறதா? இதில் ஒன்று இருந்தால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் என்னென்ன சாமான், கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஐப்பசியில் கராச் வாசலில் மெசின்கள் வரிசையில் நிற்கும்போது பேரம் பேச முடியாது, ஆகவே இந்தக் கிழமையே பாருங்கள்.

விற்றவரைப் பற்றி: அவர் வியாபாரி அல்ல, இன்னொரு விவசாயிதானே? ஒரு வருடம் நீங்களே உழுத மெசினுக்கு நட்டஈடு கிடைக்கும் என்று நினைக்கவேண்டாம். குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் இணக்க சபைக்குப் போகலாம். வழக்குச் செலவைப் பார்த்தால் புது லிவர் வாங்குவது மலிவு.

கேள்வி: கராச்சில் உழவு மெசின் திருத்தினேன். பில் தரமாட்டோம் என்கிறார்கள், கழற்றிய பழைய சாமானையும் தரவில்லை. திருத்திய வேலை இரண்டு கிழமையில் மறுபடி பழுதாகிவிட்டது.
– கிண்ணியா வாசகர்

பதில்: பழைய சாமானை வேலை தொடங்க முன்பே "எனக்கு வேண்டும்" என்று சொல்லிவைக்க வேண்டும், அப்புறம் கேட்டால் "எறிந்துவிட்டோம்" என்பார்கள். பில்லில் நீங்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. திருத்த வேலையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் உண்டு. முதலில் நேரில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். சரிவராவிட்டால் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது என்று அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். காசு கொடுத்த திகதி, வேலை, யார் சாட்சி என்பதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கேள்வி: 135க்கு கியர் சாமான் வாங்கப் போனால் இந்தியச் சாமான், பாகிஸ்தான் சாமான் என்று விலை விலையாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?
– மூதூர் வாசகர்

பதில்: நாட்டின் பெயரைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். இந்தியாவில் டாஃபே நிறுவனமும் பாகிஸ்தானில் மில்லத் நிறுவனமும் மெசி பேர்குசன் உரிமத்தில் பல ஆண்டுகள் உழவு மெசின் தயாரித்தவை, எனவே இரண்டு நாட்டிலும் நல்ல சாமான் உண்டு, போலியும் உண்டு. பெட்டியின் எழுத்தைவிடச் சாமானைப் பாருங்கள். 135 இல் ஆறு கியர் பொக்ஸும் எட்டு கியர் பொக்ஸும் வந்தன, உங்களுடையது எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். மெசினின் தொடரிலக்கத்தைக் குறித்து, கழற்றிய பழைய சாமானையும் கையோடு கொண்டுபோய் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். லிவர் வாங்கும்போது முனையின் உருண்டையைப் பாருங்கள், அரத்தை ஒருமுறை இழுத்தால் எளிதாகக் கீறுப்பட்டால் அது மென்மையான இரும்பு. கடைக்காரர் அரம் போட விடமாட்டார் என்றால், பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.