அம்மாவுக்குத் துணி மாற்றுவது மகன் வேலையா? – கேள்வி பதில்

படுத்துவிட்ட பெரியவர்களையும் கைக்குழந்தையையும் ஆண்கள் பார்த்துக்கொள்வது பற்றிக் கொங்குப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர், வீட்டுப் பராமரிப்புக்குப் பயிற்சி தருபவர்.

காங்கேயம்: எங்கம்மா பக்கவாதம் வந்து படுத்தாச்சுங்க. சம்சாரம் ஒருத்தியே எல்லாத்தையும் பாத்து இப்ப அவ முதுகு போயிருச்சு. நான் பாத்துக்கறேன்னா, "மகன் போயி அம்மாவுக்குத் துணி மாத்தறதா, அடுக்குமா"ன்னு அக்கா ரெண்டு பேரும் கேக்கறாங்க.

தாராளமாக அடுக்கும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம் வீடுகளில் மருமகள்தான் முதல் ஆள், மகன் விசாரிக்க வருபவர். கேள்வி கேட்கிற அக்காமாரையும் முறை போட்டு வாரம் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியது உங்கள் அம்மாவிடம். கூச்சப்பட்டால் இடுப்புக்குக் கீழே சுத்தம் செய்வதை மட்டும் ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு, புரட்டுவது, ஊட்டுவது, மருந்து, ராத்திரிக் காவல் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவர் சரி என்றால், கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரு போர்வையைப் போட்டு, தேவையான இடத்தை மட்டும் விலக்குங்கள். புரட்ட, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள். மாற்றித் துடைத்தால் மலக்கிருமி மூத்திரத் துவாரத்துக்குப் போய்த் தொற்றிக் காய்ச்சல் வரலாம். பிறகு ஒற்றி ஈரம் எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். பலம் இருக்கிற ஆண்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு: கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்குவது. பக்கவாதத்தில் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசை தளர்ந்திருக்கும். அப்படி இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் தீராத வலி. இடுப்புக்கு அடியில் மடித்த பெட்ஷீட் விரித்து, இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்துங்கள். உங்கள் முழங்கால் மடங்கட்டும், முதுகு மடங்க வேண்டாம். சம்சாரத்தின் முதுகு போனது பெரும்பாலும் இங்கேதான்.

சோமனூர்: அப்பாவுக்கு இடுப்புல படுக்கைப்புண் வருதுங்க. காத்து மெத்தை வாங்கியாச்சு, மஞ்சளும் போடறோம். ஆறமாட்டேங்குது.

காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டத்தான் வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை: இடது, மல்லாக்க, வலது. ஒருக்களிக்கும்போது முழுக்கச் சாய்க்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி போதும். முழுக்கச் சாய்த்தால் இடுப்பெலும்பு மேல் மொத்தப் பாரமும் இறங்கும். கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் செய்யுங்கள். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணை கூடாது, அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். விட்டதும் வெளுத்துச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தில் பாரமே படக்கூடாது, தேய்த்து விடவும் கூடாது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டியும் கைக்குத் தெரியும். ஈரோட்டில் மஞ்சள் எவ்வளவு விளைந்தாலும் புண்ணுக்குள் போட வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ கழுவி, நர்ஸ் சொல்லும் கட்டு. குழி விழுந்தாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

தறி ஓட்டுகிறவர்கள் ஷிப்டு மாற்றத்தைச் சுவரில் எழுதி வைக்கிறீர்கள் இல்லையா, புரட்டும் நேரத்தையும் அதே மாதிரி எழுதுங்கள். பெயரோடு. ராத்திரி 12-க்கும் 2-க்கும் எழுந்தது யார் என்று அப்போது தெரியும்.

பெருந்துறை: இதெல்லாம் வீட்டு விசயங்க. இதுல சமூக நீதி எங்க வருது?

கணக்கில் வருகிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1. செய்தவர்களில் பெண் சராசரியாக 299 நிமிடம், ஆண் 97. அந்த 299 நிமிடத்துக்காகத்தான் படிப்பு, வேலை, தூக்கம் எல்லாம் குறைகின்றன.

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989இலேயே வந்துவிட்டது. ஆனால் கல்யாணமான அக்கா, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, தோட்டம் தம்பிக்குப் போகிறது. அந்தத் தோட்டத்துச் சாளை வீட்டில் படுத்திருக்கும் மாமியாரை அலசிவிடுவது தம்பி பெண்டாட்டி. சொத்து ஒருவர் பெயரில், சுமை இன்னொருவர் தலையில். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ந்ததில் பங்களிப்புதான், அவருக்கும் சம பங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்க்கு 'உரிமைத் தொகை' என்றுதான் பெயர். இவை பெண்ணின் உழைப்பை மதிக்கின்றன, நல்லதுதான். ஆனால் வேலையைப் பிரித்துத் தருவதில்லை.

திருப்பூர்: பனியன் கம்பெனில டெய்லருங்க. குழந்தை 2 கிலோதான் பொறந்துச்சு. சம்சாரத்துக்கு சிசேரியன். ஊரிலிருந்து வர ஆளில்லை. எனக்கு லீவு உண்டுங்களா? நான் என்ன செய்ய முடியும்?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் கம்பெனிக்கு அப்படிச் சட்டம் இல்லை, முதலாளியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெண்ணுக்கு 26 வாரம், ஆணுக்குச் சுழியம் என்று இருக்கும்வரை, புதுசாகக் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கக் கம்பெனி தயங்கும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 திருத்தத்தில் வந்த விதியிலும், நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கும் உரிமை தாய்க்கு மட்டும்தான்.

தாய்ப்பால் தவிர மற்ற எல்லாம் உங்களால் முடியும். முக்கியமாகக் கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை வெறும் மார்போடு ஒட்டி வைத்துச் சூடு கொடுப்பது. எடை குறைந்த குழந்தைக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயும் தகப்பனும் பகிரலாம். குளித்து, சட்டையில்லாமல் சாய்ந்து உட்காருங்கள். குழந்தைக்கு டயபர், தொப்பி, காலுறை மட்டும். மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடை லேசாக மேலே இருக்கட்டும். தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சு அடைக்கும். பழைய வேட்டியால் காது வரை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு தடவைக்கு 1 மணி நேரமாவது வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் வாங்கினாலோ உடனே கிளம்புங்கள்.

பொள்ளாச்சி: பேறுகாலத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போயிட்டாங்க. நான் பத்து நாளுக்கு ஒருக்கா போனாப் போதுமுங்களா?

போதாது. குழந்தையின் அழுகை பழகுவது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். விருந்தாளியாகப் போனவர், குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் விருந்தாளியாகவே இருப்பார். போனால் ராத்திரி தங்குங்கள், பால் குடித்ததும் ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் உங்களுடையது.

நாமக்கல்: அப்புச்சிய (அம்மாவோட அப்பா) பாக்க வீட்டோட ஒரு அம்மாவ வெச்சிருக்கோம். அதனால எங்க யாருக்கும் வேலையில்லீங்க.

அந்த அம்மாவுக்கு இருக்கிறதே! 24 மணி நேர ஆள் என்று பேசினாலும், தொடர்ந்து 8 மணி நேரத் தூக்கமும் வாரம் ஒரு நாள் முழு லீவும் கொடுங்கள். அந்த நேரத்துக்குக் குடும்பத்து ஆண்கள் முறை வையுங்கள். கையுறையை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். சாதி பார்த்து அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, திண்ணையில் சாப்பாடு என்று இருந்தால் அதன் பெயர் தீண்டாமை. 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்புச்சியின் மலத்தைத் தொடுகிற கை சமையலறையைத் தொடக்கூடாது என்பவர்கள், முதலில் அந்த வேலையை ஒரு வாரம் தாங்களே செய்யலாம்.

பவானி: பொண்டாட்டிதாசன்னு கூட்டாளிக கேலி பண்றாங்க.

பண்ணட்டும். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் ஆண்தானே, அவரை யாரும் கேலி செய்வதில்லை. கூலி வந்தால் தொழில், வராவிட்டால் பொம்பளை வேலை.

கோபி: அப்பாருக்குக் கஞ்சி ஊட்டறப்ப இருமறாரு. யார்கிட்டக் காட்டறது?

இருமினால் ஊட்டுவதை நிறுத்துங்கள். பக்கவாதக்காரருக்கு நீர்க்கஞ்சி கெட்டிக்கஞ்சியைவிட ஆபத்து, சட்டென மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையை லேசாகக் கீழே சாய்த்து, நல்ல பக்கக் கன்னத்தில் அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. முடிந்ததும் வாயில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால், விழுங்குவதைச் சோதிக்க டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும், வேதனையைக் குறைக்கப் பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள். 104 மருத்துவ உதவி எண்ணில் விவரம் கேட்கலாம். அவர்கள் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். இல்லாவிட்டால் சொல்லிக்கொடுப்பதெல்லாம் மறுபடி உங்கள் சம்சாரத்துக்குத்தான் போகும்.